எல்லாக் கேள்விக்கும் ஆமாங்க

சாமி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. வாசலில் நிலக்கடலை காயப் போட்டிருந்தேன். காக்கையை விரட்டிக்கொண்டே நின்றபடி ஒரு தடவையும், உள்ளே வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் படித்தேன். போனிலேயே பேசிவிடலாமே என்றார் உன் அப்பா. போனில் நான் எதைச் சொன்னாலும் நீ 'சரிம்மா, சரிம்மா' என்பாய். அந்தச் 'சரிம்மா'வை நம்பி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடிதத்தைப் பாதியில் 'சரிம்மா' போட்டு வைத்துவிட முடியாது பார், அதனால் எழுதுகிறேன். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளுக்குச் சுருக்கமாக எழுத வராது. பொறுமையாகப் படி.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். குழந்தை பிறந்ததிலிருந்து கவிதா அழுதுகொண்டே இருக்கிறாள். தலை வாருவதில்லை, சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நீ அவளைப் புனேயிலேயே நல்ல டாக்டரிடம் கூட்டிப் போனாய். அவர் ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு மார்க் போட்டுக் கூட்டினார், மார்க் ஏற ஏற நோய் கடுமையாம். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு, கடுமையாகத்தான் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். அடுத்த வாரம் அதே தாள், அதே கேள்விகள், மார்க் பாதியாக இறங்கிவிட்டது. மாத்திரை இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது, உன் பெண்டாட்டி நடிக்கிறாள் என்று யாரோ ஒரு மகராசி உன்னிடம் சொல்லியிருக்கிறாள். முதல் மார்க்கை நம்புவதா, இரண்டாவதை நம்புவதா என்று என்னைக் கேட்கிறாய். கடைசி வரியில், எழுத்தைச் சின்னதாக்கி, கொஞ்ச நாளைக்குக் குழந்தையை நான் வந்து தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறாய்.

அந்தக் கடைசி வரிதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. ஏன் என்று சொல்கிறேன். நீ பிறந்தபோது எனக்கும் இதே நோய் வந்தது. எனக்கும் தாள் வைத்து மார்க் போட்டார்கள். அந்த மார்க்கைப் பார்த்துவிட்டு உன்னை என்னிடமிருந்து பிரித்தே வைத்தார்கள். திரும்ப உன்னை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இதை உன்னிடம் மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்கு நடுவிலா சொல்வது, பரீட்சைக்குப் படிக்கிறவனிடமா சொல்வது என்று தள்ளித் தள்ளிப் போய், இப்போது நீயே அந்த இடத்தில் வந்து நிற்கிறாய்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் அப்போதுதான் போர்வெல் லாரிகள் ஒன்றிரண்டாகக் கிளம்பத் தொடங்கியிருந்தன. உன் அப்பா அதில் ஒரு வண்டியோடு ஆந்திராவுக்குப் போனால் மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவார். நான் சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு துவக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். குடியிருந்தது தோட்டத்து வீட்டில். அக்கம்பக்கம் என்று சொன்னால் ஒரு கிணறு, நாலு எருமை, அவ்வளவுதான். என் பிறந்த வீட்டில் உன்னைப் பெற்று, சீர் எல்லாம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உன்னைப் பார்த்தால் பாசம் வரவில்லை, பயம் வந்தது. பால் கட்டிக்கொண்டு வலிக்கும், ஆனால் எழுந்து உன்னைத் தூக்க உடம்பு வராது. உலகத்திலேயே இப்படி ஒரு தாய் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடம் போய் இதைச் சொல்வது?

அப்போது வந்து நின்றவர் உன் பெரியத்தை. உன் அப்பாவின் அக்கா, எனக்கு நங்கை. திருச்செங்கோட்டில் அவருக்கு நல்ல வீடு, வசதி இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை. என்னைப் பார்த்ததும் மாட்டு வண்டி, பஸ் என்று ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பேய் ஓட்டக் கூட்டிப் போகாமல் டாக்டரிடம் கூட்டிப் போனாரே, அதற்கு அவருக்கு நான் எந்நாளும் கடமைப்பட்டிருக்கிறேன். சேர்த்துவிட்டு, 'பையன நாங் கொண்டு போவட்டுமா?' என்று கேட்டார். 'ஆமாங்க' என்றேன். உன்னைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் நெட்டையாக, மெட்ராஸ்காரர். மனசுக்குள் அவருக்கு நெட்டை டாக்டர் என்றே பேர் வைத்திருந்தேன், அந்தப் பேரே இருக்கட்டும். இன்னொருவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாரதா டாக்டர், ஆத்தூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். வெளிநாட்டில் செய்த ஒரு கேள்வித்தாள் அவர்களிடம் இருந்தது. தூக்கம், பசி, அழுகை, பயம் என்று கேட்டுக்கொண்டே போய் ஒவ்வொன்றுக்கும் மார்க் போட வேண்டும். நெட்டை டாக்டருக்கு ஒரு கவலை இருந்தது, நியாயமான கவலை. அங்கே செய்த தாள் நம் ஜனங்களிடம் சரியாக அளக்குமா? ஒரே நோயாளியை இரண்டு டாக்டர் பார்த்தால் ஒரே மார்க் வருமா? வராவிட்டால் அந்த மார்க்குக்கு என்ன அர்த்தம்? அதைத் தெரிந்துகொள்வதற்காக ஒருவர் கேட்பார், இருவரும் மார்க் போடுவார்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. என் எதிரில் இரண்டு டாக்டர்கள் கையால் தாளை மறைத்து மறைத்து எழுதியதைப் பார்த்தபோது, அந்த நிலைமையிலும், மூன்றாம் வகுப்புப் பரீட்சைக்குக் காவல் இருப்பது போல எனக்கு இருந்தது.

'உங்களுக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லையா?' என்றார் நெட்டை டாக்டர். ஆமாங்க. 'எதிலும் ஆர்வம் இல்லையா?' ஆமாங்க. 'யாராவது உங்களுக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறதா?' ஆமாங்க. 'வேறு யாருக்கும் கேட்காத சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா?' அதற்கும் ஆமாங்க. ஏன் என்றால், நம்ம பக்கத்தில் வளர்ந்தவனுக்கு நான் ஏன் விளக்க வேண்டும்? படித்த மனுஷர், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நமக்கு நல்லது செய்ய வந்திருக்கிறார். அவர் ஒன்று சொன்னால் 'இல்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வார்களா? பெரியவர்கள் பேசும்போது 'ஆமாங்க' என்பது பதிலே கிடையாது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்பதுதான். கருக்கலில் மாடு கறக்க வருகிறவர் 'மழ வரும் போலங்க' என்றாலும் ஆமாங்க, 'மழ வராது போலங்க' என்றாலும் ஆமாங்க. மெட்ராஸ்காரருக்கு அது எப்படித் தெரியும்? அவர் ஒவ்வொரு ஆமாங்கவுக்கும் மார்க் போட்டுக்கொண்டே போனார்.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் இல்லீங்க என்றேன். செத்துப்போகலாம் என்று நினைத்ததுண்டா என்று கேட்டார். ஓர் ஆண்பிள்ளை டாக்டர் கேட்க, பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்க, நம் வீட்டு மானம் போகிற மாதிரி அதற்கு எப்படி ஆமாம் என்பேன்? நீ பெரியவன், ஒரு பிள்ளைக்கு அப்பன், அதனால் உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். நினைத்ததுண்டு. அத்தனை ஆமாங்கவுக்கு நடுவில் நான் சொன்ன ஒற்றை இல்லீங்க, அதுதான் முழுப் பொய்.

இருவரும் தாளைத் திருப்பிக் காட்டிக்கொண்டபோது மார்க் கிட்டத்தட்ட அச்சாக ஒத்துப்போயிருந்தது. நெட்டை டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும்? நான் சொன்ன ஒரே ஆமாங்கவைத்தானே இருவரும் கேட்டார்கள். ஆனால் அவர் அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. அடுத்து உன் பெரியத்தை வந்தபோது, தனித்தனியாக இரண்டு பேர் மார்க் போட்டும் ஒரே முடிவு வந்திருக்கிறது, இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, இவருக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்கிறது, குழந்தையைப் பக்கத்தில் விடவே கூடாது என்று சொல்லிவிட்டார். நங்கை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ திருச்செங்கோட்டிலேயே இருந்தாய்.

சில நாள் கழித்து அதே தாளோடு சாரதா டாக்டர் மட்டும் வந்தார். நாள் தள்ளி இன்னொருவர் கேட்டாலும் அதே மார்க் வருகிறதா என்று பார்ப்பதற்காம். அது எனக்குத் தெரியாதே! அதே கேள்வி மறுபடியும் வந்ததும் எனக்குப் பகீரென்றது. வகுப்பில் நான் என்ன செய்வேன்? ஒரு பையன் சரியாகச் சொன்னால் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். தப்பாகச் சொன்னால்தான், 'எங்க, இன்னொரு தடவ சொல்லு பாக்கலாம்' என்பேன். அவனும் புரிந்துகொண்டு பதிலை மாற்றுவான். அப்படியானால் போன தடவை நான் சொன்னதெல்லாம் தப்பு போலிருக்கிறது என்று நினைத்து, நல்ல மாணவி மாதிரி ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னேன். தூக்கம் வருதுங்க, பசிக்குதுங்க, சத்தமெல்லாம் ஒன்றும் இல்லீங்க. மார்க் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இப்போது புரிகிறதா, உன் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு ஏன் பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக வந்தது என்று?

நெட்டை டாக்டர் நொந்துபோனார். ஒன்று தாள் உருப்படாதது, இல்லை இந்த அம்மா நம்பத் தகாதவர் என்றாராம். தாள் வெளிநாட்டிலிருந்து வந்தது, நான் சங்ககிரியிலிருந்து வந்தவள். பழி யார் தலையில் விழும் என்று உனக்கே தெரியும். ஒரு சமயம் ஒன்று சொல்கிறார், இன்னொரு சமயம் வேறு சொல்கிறார் என்ற பேச்சு நங்கை காதுக்கும் போனது. அவர் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, 'நீ ஒண்ணும் கவலப்படாத அம்மணி, பையன நாங் கடைசி வரைக்கும் பாத்துக்கறேன்' என்றார். கடைசி வரைக்கும்! ஆமாங்க என்றேன். அவர் போன பிறகு போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அவருக்குப் பிள்ளை இல்லை, எனக்குப் பைத்தியம் என்று மார்க் இருக்கிறது. ஒரு வருஷம் போனால் நீ அவரைத்தான் அம்மா என்பாய் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் சாரதா டாக்டர் தாள் இல்லாமல் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, கட்டிலிலேயே என் கால்மாட்டில் உட்கார்ந்தார். 'நல்லாத் தூங்கினியாம்மா?' என்று கேட்டார். ஆமாங்க என்றேன். என் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, 'ராத்திரி பூரா தூக்கமே இல்லியோ?' என்றார். அதற்கும் ஆமாங்க என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் என்ன சொன்னேன் என்று அப்போதுதான் உறைத்தது. நானும் சிரித்தேன். நீ பிறந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்வியே அவர் கேட்கவில்லை. நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தாய், எப்போது படுத்தாய், படுத்தபோது எதை நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கதை கேட்கிற மாதிரி கேட்டார். நான் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருந்தார். டாக்டர்கள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு, சத்தம் கேட்கிறது என்று முதல் நாள் சொன்னாயே, என்ன சத்தம் என்றார். 'பையன் அழுவறதுங்க' என்றேன். 'மாரு கட்டிக்கிட்டு வலிக்கறப்பெல்லாம் கேக்குதுங்க. திருச்செங்கோட்டுல இருந்து இங்க எப்படிங்க கேக்கும்? எனக்கே தெரியுது, ஆனாலும் கேக்குதுங்க.'

அவர் முகம் மாறிப்போனது. சத்தம் கேட்கிறது என்பதால் பிள்ளையைப் பிரித்தே வைத்தார்கள், பிள்ளையைப் பிரித்ததால் சத்தம் கேட்டது. இரண்டு டாக்டர்களும் அந்த இடத்தில் ஒரே மார்க் போட்டிருந்தார்கள், என்ன சத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் அதோடு விட்டிருந்தால் நான் அவரை இவ்வளவு பெரிதாக நினைத்திருக்க மாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இந்த மாதிரி ஆன நெறையப் பொண்ணுங்களுக்கு உயிரோட இருக்கவே வேணாம்னு தோணும். உனக்கு அது எப்பம்மா தோணுச்சு?' என்று கேட்டார். தோணுச்சா என்று கேட்கவில்லை பார். கிணற்றுப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் ஒரு மனுஷியிடம் வாய் திறந்து சொன்னேன். சொன்ன பிறகு பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மருந்தை மாற்றினார்கள், ராத்திரியும் பகலும் என் பக்கத்தில் ஆள் வைத்தார்கள். ஆகவே எனக்கு நோயே இல்லை, தாள்தான் பொய் சொன்னது என்று நினைத்துவிடாதே. நோய் இருந்தது. தாள் தேடிய இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் இருந்தது.

நெட்டை டாக்டரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சாரதா டாக்டர் போய்ச் சொன்னதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நேராக என்னிடம் வந்து, முதல் தடவையாகத் தாள் இல்லாமல் உட்கார்ந்து பேசினார். மார்க் ஒத்துப்போனால் போதும் என்று இருந்துவிட்டேன் டீச்சர், தப்பான பதிலுக்கு நாங்கள் இருவரும் ஒற்றுமையாக மார்க் போட்டிருக்கிறோம் என்றார். நான் தேறி வர வர, கேள்விகளை நம்ம ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்ற என்னையும் கூட உட்கார வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரே பெருமை. குற்ற உணர்வு, எதிர்காலத்தில் நம்பிக்கை என்று பாடப்புத்தகத் தமிழில் வெளுத்துக் கட்டினேன். அதை முதலில் எடப்பாடியிலிருந்து வந்த ஒரு நெசவுக்கார அம்மாவிடம் கேட்டோம். குற்ற உணர்வு உண்டா என்றதும் அந்த அம்மா எழுந்து நின்று கும்பிட்டு, 'நாங்க ஒரு குத்தமும் பண்ணலீங்க சாமி' என்று அழ ஆரம்பித்துவிட்டார். போலீஸ் விசாரணை என்று நினைத்துவிட்டார், பாவம். அன்றோடு என் தமிழ்ப் பெருமை போயிற்று. பிறகு சின்னச் சின்னதாக, ஒன்றையே நேராகவும் திருப்பியும் கேட்கிற மாதிரி, எதைச் செய்தாய் எப்படிச் செய்தாய் என்று கேட்கிற மாதிரி மூவரும் எழுதினோம். 'நீங்க போன தடவ சொன்னது தப்பில்லீங்க, இன்னிக்கு எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் மறுபடி கேக்கறோம்' என்று தாளின் தலைப்பிலேயே ஒரு வரி எழுத வைத்தது மட்டும் முழுக்க என் யோசனை. அதற்குப் பிறகும் இரண்டு டாக்டர்களின் மார்க் முன்போல அச்சாக ஒத்துப்போகவில்லை. ஆனால் வித்தியாசம் வந்த இடத்தில் உட்கார்ந்து, உனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இதெல்லாம் கொஞ்சம் பின்னால் நடந்தது. அதற்கு முன்னாலேயே சாரதா டாக்டர் நங்கைக்கு ஆள் அனுப்பி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். நங்கை வந்தார். உனக்குப் புதுச் சட்டை, இடுப்பில் வெள்ளிக் கொடி, கன்னத்தில் இவ்வளவு பெரிய மை. கொழுகொழுவென்று இருந்தாய். அவ்வளவு நன்றாக வளர்த்திருந்தார். என்னைப் பார்த்து நீ உதட்டைப் பிதுக்கினாய், அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். நங்கை உன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, 'பையன் எங்கிட்டப் பழகிட்டான் அம்மணி. உனக்கும் ஒடம்பு தேறோணும். எங்கிட்டயே இருந்துக்கட்டுமா?' என்று கேட்டார்.

எனக்கு வாய் வரைக்கும் ஆமாங்க வந்துவிட்டது, சாமி. அத்தனை வருஷப் பழக்கம். சாரதா டாக்டர் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அது அவர் பதிலாகப் போயிருக்கும். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, 'இல்லீங்க நங்கை. பையன எங்கிட்டக் குடுங்க' என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். வெடித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. 'இத மொதல்லயே சொல்றதுக்கென்ன புள்ள?' என்றார். 'நாங் கேட்டப்பெல்லாம் நீ ஆமா ஆமான்னயே. பெத்தவளுக்கே வேண்டாம்னு இருக்குதாட்ட இருக்குதுன்னு நாங் ராத்திரியெல்லாங் கண்ணு மூடலியே.' சொல்லிவிட்டு உன்னை என் மடியில் வைத்தார். நீ வீரிட்டு அழுதாய். அதற்குப் பிறகு எனக்கு அழுகைச் சத்தம் கேட்டால், அது நீ அழுததுதான்.

நங்கை அன்றைக்கு ஊர் திரும்பவில்லை. என் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்து, நான் உன்னைத் தூக்க முடியாதபோது தூக்கிக் கொடுத்து, பாலுக்கு வைத்துவிட்டு மறுபடி வாங்கி, நாங்கள் வீடு திரும்பும்வரை கூடவே இருந்தார். அவர் கேட்டதும் உதவிதான், பிறகு செய்ததும் உதவிதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பார். இன்றைக்கும் தீபாவளிக்கு அவருக்குத்தான் முதல் சேலை எடுக்கிறாய், அது சரிதான்.

மழைக்காலத்தில் உன் அப்பா வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மார்க் ஒத்துப்போன கதையைக் கேட்டதும் சிரித்தார். 'எங்க தொழில்லயும் அப்பிடித்தான் புள்ள. நீரோட்டம் பாக்கறவங்க ரெண்டு பேரு வந்து ஒரே எடத்துல குச்சி நட்டா, தண்ணி நிச்சயம்னு வண்டிய நிறுத்துவோம். ஓட்டிப் பாத்தா தண்ணிக்குப் பதிலா பொகதான் வரும். அப்பறம் விசாரிச்சா ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்டத் தொழில் கத்தவங்களா இருப்பாங்க' என்றார். சிரித்து முடித்துவிட்டு உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு வண்டி கிளம்பியபோது அவர் போகவில்லை. உன் அப்பா ஏன் போர்வெல் வண்டியை விட்டுவிட்டு ஊரிலேயே கடை வைத்தார் என்று நீ சின்ன வயதில் கேட்பாயே, அதற்குப் பதில் இதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முதல் மார்க்கா, இரண்டாம் மார்க்கா? இரண்டையும் நம்பாதே, இரண்டையும் தூக்கி எறியவும் செய்யாதே. கவிதா குமாரபாளையத்துப் பெண். அவளுக்கு இந்தி வராது. டாக்டர் கேட்டதை நீ தமிழில் சொல்லியிருப்பாய், அவள் ஆமாங்க என்றிருப்பாள், அதை நீ அவரிடம் சொல்லியிருப்பாய். கட்டிய புருஷன் வாய் வழியாக ஒரு பெண் எந்த உண்மையைச் சொல்ல முடியும்? அடுத்த வாரம் அதே கேள்வி வந்ததும், போன தடவை தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளும் நினைத்திருக்கலாம். இல்லை, உன் முகத்தைப் பார்த்துவிட்டு, உனக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று மாற்றியிருக்கலாம். நடிக்கிறாள் என்று சொன்ன மகராசியை இனி வாசல்படி ஏற்றாதே. டாக்டரிடம் போய் இதையெல்லாம் சொல். நல்ல டாக்டராக இருந்தால் கோபிக்க மாட்டார். தமிழ் தெரிந்த ஒரு பெண் டாக்டரோ நர்ஸோ அந்த ஊரில் இல்லாமலா போவார்கள்? நீ வெளியே உட்கார், அவள் தனியாகப் பேசட்டும். மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே. பகலில் அவளைத் தனியாக விட்டுவிட்டு ஆபீஸ் போகாதே. லீவு இல்லை என்றால் சம்பளம் இல்லாத லீவு போடு.

வீட்டில் 'நல்லா இருக்கியா' என்று அவளைக் கேட்காதே. ஆமாங்க என்பாள், நீயும் நிம்மதியாகப் பேப்பர் படிக்கப் போய்விடுவாய். பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து அவளுக்குப் பொழுது எப்படிப் போனது என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. அது உனக்குக் கஷ்டம், நான் பெற்ற பிள்ளை அல்லவா. இருந்தாலும் இரு. பயப்படாதே. இது தேறிவிடுகிற நோய். தேறியவள்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குழந்தையை நான் தூக்கிக்கொண்டு வர மாட்டேன். என் பேத்தியைக் கையில் வாங்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் அவள் அம்மா மடியிலிருந்து வாங்க மாட்டேன். வேண்டுமானால் நான் வந்து இருக்கிறேன். சமைக்கிறேன், துவைக்கிறேன், கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். துணிமணி எல்லாம் பையில் எடுத்து வைத்தாயிற்று, உன் அப்பா டிக்கெட்டுக்கு ஈரோடு போகத் தயாராக நிற்கிறார். ஆனால் அதற்கு முன்னால் கவிதாவைக் கேட்டுவிடு. 'அம்மா வரட்டுமா?' என்று கேட்டால் 'வரட்டுங்க' என்பாள், அதைக் கணக்கில் சேர்க்காதே. அம்மா வந்தால் உனக்கு எதெது தொந்தரவாக இருக்கும் என்று கேள். பேசாமல் காத்திரு. ஒருவேளை அவள் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்து, 'இப்ப வேண்டாங்க' என்று சொன்னால், கடிதமெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதே, உடனே போன் பண்ணு. கட்டிய பையைப் பிரித்து வைத்துவிட்டு, என் மருமகள் தேற ஆரம்பித்துவிட்டாள் என்று இந்த ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வருவேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா